ஆறு கட்டை

மேட்டுப்பாளையத்தில் மண்டை பிளக்க வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அங்கே பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குன்னூரில் போய் இறங்கினால், எதிரே வருகிற ஆளின் முகம் தெரியாது. அவ்வளவு மேகம். கதவு திறந்திருந்தால் வீட்டுக்குள்ளேயும் வரும். வந்து, யாரையும் கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும்.

அப்படி மேகம் வந்து உட்காரும் ஒரு வீட்டில் ரூத் டீச்சர் பியானோ சொல்லிக்கொடுத்துவந்தார். முப்பது வயதைத் தாண்டி ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அதிகம் பேசாமல் இருப்பார். அவரிடம் படித்தவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

ஒருவரைத் தவிர. அவர் அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். பெயர் கனகராஜ்.

கோபி, சத்தி, அவினாசி பக்கம் போய் 'கீபோர்டு கனகராஜ்' என்று கேட்டுப் பாருங்கள். மீசை முளைத்த நாளிலிருந்து மெல்லிசைக் கச்சேரிதான் பிழைப்பு. மாரியம்மன் கோயில் நோம்பி, கல்யாண மண்டபம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எதையும் விட்டதில்லை. பக்கத்தில் மைக்கைப் பிடித்துப் பாடியது அவர் மனைவி வசந்தாமணி. ஊருக்குள் அந்த அம்மாவின் பேச்சும் பாட்டும் ஒரே உச்சத்தில் கேட்கும் என்பார்கள்.

முதல் நாள் கனகராஜ் வேட்டி கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். வந்த வேகத்தில் தட்டை நீட்டிவிட்டு டீச்சரின் காலில் விழுந்துவிட்டார்.

ரூத் டீச்சர் பதறிப் பின்னால் போனதில் முழங்கை பியானோவில் இடித்து, அது ஒரு சத்தம் போட்டது.

"ஐயோ, சார்! எந்திரிங்க. உங்க வயசென்ன, என் வயசென்ன!"

"குருன்னா குருதானுங்க. வயசைப் பார்த்தா வித்தை வருமுங்களா?"

"குளிர்ல வேட்டியோட நடுங்கறீங்க. முதல்ல டீ குடிங்க."

டீ குடித்து முடித்ததும் பியானோ முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் வாசிக்கவில்லை. இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். எழுந்து பின்பக்கமும் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் தேடறீங்க?"

"பட்டனுங்க."

"என்ன பட்டன்?"

"அதானுங்க, ட்ரான்ஸ்போஸ் பட்டன்."

விஷயம் இதுதான். பாடுகிறவர்கள் தங்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆர்மோனியத்தில் எத்தனையாவது வெள்ளைக் கட்டையை 'ஸா' என்று வைத்துக்கொள்கிறோமோ அதுதான் அவரவர் சுருதி. ஒரு கட்டை என்றால் தாழ்ந்தது, ஆறு கட்டை என்றால் நல்ல உயரம். ஆனால் கனகராஜுக்கு யார் பாடினாலும் ஒரே இடம்தான். முதல் வெள்ளைக் கட்டையில் விரலை வைப்பார், அங்கேயே வாசிப்பார். பாடுகிறவர் எத்தனை கட்டை என்று கேட்டு அதற்கேற்ப ஒரு பட்டனைத் தட்டிவிட்டால், பெட்டியே சத்தத்தை ஏற்றும், இறக்கும். விரல் நகராது. இப்படியே ஒரு ஆயுசு ஓடிவிட்டது.

"பியானோவுல அந்தப் பட்டன் கிடையாது சார்."

"அப்ப பாடறவங்க சுருதிக்கு எப்படிப் போறதுங்க?"

"அவங்க எங்கே நிக்கறாங்களோ அங்கே நாமதான் போகணும்."

"கறுப்புக் கட்டையெல்லாம் தொடோணுமேங்க!"

"தொடத்தான் வச்சிருக்காங்க."

கனகராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு முந்தின வகுப்பில் ஒரு வாண்டு கறுப்பிலும் வெள்ளையிலும் குதித்து விளையாடிவிட்டுப் போனதை வாசலில் நின்று பார்த்திருந்தார், பாவம்.

ஆனாலும் வாராவாரம் வந்தார். வந்தே ஆக வேண்டிய நிலைமை. கோத்தகிரியில் ஒரு எஸ்டேட்காரர் இருந்தார். அவர் கல்யாணத்தில் பாடியது இவர்கள்தான். இப்போது அவர் மகளுக்குக் கல்யாணம். அதே இரண்டு பேர் வந்து பாட வேண்டும், ஆனால் கீபோர்டு வேண்டாம், தன் பங்களாவில் பெரிய பியானோ இருக்கிறது, அதை வாசிக்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். வசந்தாமணிக்குத் தரையில் கால் படவில்லை. மஞ்சள் பட்டு ஒன்று எடுத்து, ரவிக்கையும் தைக்கக் கொடுத்துவிட்டார்.

விரல்கள் மெல்ல மெல்லப் பழகின. கால்தான் பழகவில்லை. கீபோர்டு வாசித்த காலமெல்லாம் அவர் வலது கால் தரையில் தாளம் போட்டே வளர்ந்தது. பியானோவின் பெடலில் வைத்தாலும் அது பாட்டுக்குத் தட்டிவிட்டு எழுந்துவிடும். எழுந்த மாத்திரத்தில் நாதம் செத்துவிடும்.

"காலைச் சீக்கிரம் எடுத்துட்டீங்க சார்."

"எடுத்துட்டனுங்களா?"

"எடுத்துட்டீங்க."

ஒவ்வொரு வாரமும் இதே பேச்சு. வெளியே மேகம் போகும், வரும். எங்கேயோ மலை ரயில் ஊதும். அது மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ஒரு நாள் கனகராஜ் வாசிக்காமல் கட்டைகளைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"டீச்சருங்க, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"பியானோவுக்குச் சுருதி சேர்க்கற ஆளு இருப்பாங்கல்ல. அவரைக் கூட்டிட்டுப் போயி, அந்த பங்களா பியானோவை மொத்தமா ரெண்டு கட்டை கீழ இறக்கி வச்சிடலாமுங்களா?"

ரூத் டீச்சர் சிரிக்கவில்லை. அதிசயம்தான். நானாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"எதுக்கு சார்?"

அப்போதுதான் மனுஷன் வாயைத் திறந்தார்.

வசந்தாமணி சின்ன வயதில் ஆறு கட்டையில் பாடினவர். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், "இந்தக் கட்டை வேகற வரைக்கும் எனக்கு ஆறு கட்டைதான்!" என்பார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. "குரல் எறங்கிருச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கே மைக்கைக் கீழ வச்சிருவேன். ஊர் சிரிக்கப் பாடமாட்டேன்" என்றும் சொல்லிவைத்திருந்தார். சொன்னால் செய்கிற ஆள்.

குரல் இறங்கியது. வயது யாரை விட்டது? ஒரு நோம்பியில் மேலே போக முடியாமல் திணறினார். அடுத்த கச்சேரியில் கனகராஜ் சத்தமில்லாமல் பட்டனை ஒரு தட்டு குறைத்து வைத்தார். பாட்டு சுகமாக வந்தது. "பார்த்தீங்களா, ஆறு கட்டை!" என்றார் வசந்தாமணி. அதற்கப்புறம் அவ்வப்போது ஒரு தட்டு. விரல் அதே இடத்தில் இருந்ததால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கிட்டார்காரர் காதில் மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுவார். பட்டன் பக்கத்தில் எண் காட்டும் சின்னக் கண்ணாடி மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டி மறைத்தார். இப்படியே இறங்கி இறங்கி நாலு கட்டைக்கு வந்தாகிவிட்டது.

"பியானோவுல மறைக்க முடியாதுங்க," என்றார் கனகராஜ். "வந்து நின்ன உடனே ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணி அவளே ஆறாவது கட்டையை அமுக்குவா. அமுக்கிப் பாடிப் பார்ப்பா. எட்டாதுங்க. அவ்வளவுதான், அன்னியோட பாட்டு முடிஞ்சுது."

"கச்சேரி போயிடும்னு பயமா?"

"கச்சேரி கெடக்குதுங்க. அவ அடுப்படியில பாடுவா, கொல்லையில பாடுவா, என்னைத் திட்டறதுகூட ராகத்துலதான் திட்டுவா. அது நின்னுபோச்சுன்னா அந்த வீட்டுக்குள்ள நான் எப்படிங்க இருக்கறது?"

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு வழி சொல்லுங்க. அவகிட்ட இதை எப்படிச் சொல்றது?"

டீச்சர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். அறைக்குள் வந்துவிட்ட மேகம் வெளியே போக வழியில்லாமல் பியானோவின் மேலேயே நின்றது.

"நான் சென்னையில ஒரு பெரிய ஹோட்டல்ல வாசிச்சிட்டிருந்தேன் சார். வாசல் ஹால்ல. யாரும் கேக்க மாட்டாங்க. சாவி வாங்கறவங்க வாங்குவாங்க, காபி குடிக்கறவங்க குடிப்பாங்க. எனக்குக் கோபம் கோபமா வரும். ஒரு நாள் வாசிக்கவே இல்லை. பெடலை மிதிச்சிட்டுச் சும்மா உக்காந்திருந்தேன்."

"மேனேஜர் திட்டலீங்களா?"

"அவருக்கே தெரியலை. ஆனா பெட்டிக்குள்ள ஏதோ கேட்டுச்சு. யாரோ சிரிச்சாங்க, உள்ள அந்தச் சிரிப்பு. ஒரு ஸ்பூன் விழுந்துச்சு, அதுவும் உள்ள. ஒரு குழந்தை அழுதுச்சு."

"அப்புறமுங்க?"

"அப்புறம் ஊருக்கு வந்துட்டேன். இங்க வாங்க."

டீச்சர் பியானோவின் மேல்மூடியைத் தூக்கித் திறந்தார். உள்ளே வரிசையாகக் கம்பிகள். ஒவ்வொரு கம்பியின் மேலும் ஒரு சின்னக் கம்பளித் துண்டு சாய்ந்து அதன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

"வலது பெடலை மிதிங்க."

கனகராஜ் மிதித்தார். துண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் விலகின.

"இப்ப உள்ளே பார்த்து அம்மா பேரைச் சொல்லுங்க."

"பேருங்களா?" அறுபது வயது மனுஷனுக்குக் காது சிவந்துவிட்டது. "பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லீங்களே. அம்மிணின்னுதானுங்க கூப்பிடுவேன்."

"அப்படியே கூப்பிடுங்க."

கூச்சப்பட்டுக்கொண்டே குனிந்தார்.

"அம்மிணீ..."

அவர் குரல் நின்றது. பியானோவுக்குள் யாரோ திருப்பிக் கூப்பிட்டார்கள். மெல்ல, தூரத்திலிருந்து, ஈரத்தோடு. அவர் இழுத்த அதே இழுப்பு. கனகராஜுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. காலை எடுத்துவிட்டார். சத்தம் செத்தது.

"யார் வாசிச்சது?" என்றார் டீச்சர்.

"யாரும் கட்டையைத் தொடலீங்களே!"

"நீங்க எத்தனை கட்டையில கூப்பிட்டீங்க?"

"எனக்கெப்படிங்க தெரியும்? வாயில வந்த மாதிரி கூப்பிட்டேன்."

"பியானோவும் எத்தனை கட்டைன்னு கேக்கலை."

கனகராஜ் யோசித்தார். பிடிபடுகிற மாதிரி இருந்தது, நழுவியது.

"சரிங்க டீச்சர். ஆனா அவகிட்ட என்னன்னு சொல்றதுங்க?"

"காலைச் சீக்கிரம் எடுத்துட்டீங்க சார்," என்றார் டீச்சர். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

பஸ்ஸில் மலை இறங்கிய வழி முழுக்கக் கனகராஜுக்கு மனம் ஆறவில்லை. வழி கேட்டால் காலைப் பற்றிப் பேசுகிறாரே! தேங்காய் பழம் வைத்துக் காலில் விழுந்ததற்கு இதுதானா பலன்? மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் வெயில் மூஞ்சியில் அறைந்தது. வீட்டுக்குள் நுழையும்போது வசந்தாமணி வெங்காயம் நறுக்கிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, அப்புறம்தான் செருப்பைக் கழற்றினார்.

கல்யாணம் நெருங்கியது. கடைசி வகுப்பன்றைக்கு வசந்தாமணியும் கிளம்பிவிட்டார். "அந்தக் குட்டி டீச்சரை நான் பார்க்க வேண்டாமா? பியானோவோட ஒரு வாட்டி பாடியும் பார்த்துடலாம்" என்றார். கனகராஜ் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். தலைவலி என்றார், மலையில் மண் சரிவு என்றார். எடுபடவில்லை.

தூக்குப்போசி நிறைய வெல்லக் கச்சாயம் சுட்டு எடுத்துக்கொண்டு, மேகத்தை முந்தானையால் விலக்குகிற மாதிரி உள்ளே வந்தார் வசந்தாமணி.

"ஏங் கண்ணு, நீதானா டீச்சரு? இத்தினிக்காண்டு இருக்கற, இந்த மனுஷனையா மேய்க்கற? இந்தா, கச்சாயம் சாப்பிடு."

"வாங்கம்மா," என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார் டீச்சர்.

"எங்க, பெட்டியைக் காட்டு." வசந்தாமணி பியானோவின் முன்னால் போய் நின்றார். முந்தானையை இழுத்துச் செருகினார். ஆள்காட்டி விரலை நீட்டி, கட்டைகளைத் தொடாமல் எண்ணினார். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

கனகராஜ் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கச்சாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு. அஞ்சு."

"அம்மிணி, அமுக்காத!"

அவர் போட்ட கூச்சலில் ஜன்னலோரம் இருந்த டம்ளர்கூட நடுங்கியது. வசந்தாமணி விரலை அந்தரத்தில் நிறுத்தித் திரும்பினார்.

"ஏனுங்க? ஷாக் அடிக்குமா?"

சொல்ல வேண்டும். சொன்னால் முடிந்தது. கனகராஜ் பியானோவின் மேல்மூடியைத் தூக்கித் திறந்தார். முக்காலியில் உட்கார்ந்தார். வலது பெடலை அடிவரைக்கும் மிதித்தார்.

"கட்டையை விட்டுரு அம்மிணி. இதுக்குள்ள பார்த்துப் பாடு. உனக்கு எது சுகமோ அப்படிப் பாடு."

வசந்தாமணி ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். அப்புறம் குனிந்து, கண்ணை மூடி, 'ஸா' என்று இழுத்தார். உரக்க இல்லை. அடுப்படியில் பாடுகிற மாதிரி.

நிறுத்தினார். உள்ளேயிருந்து அதே குரல் வந்தது. வயதாகி, கனத்து, அழகாகி, எங்கோ மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி நின்று பாடுகிற மாதிரி வந்தது. அறையிலிருந்த மேகமே பாடுகிறதோ என்று இருந்தது.

"இது எத்தனை கட்டைங்க?" என்றார் வசந்தாமணி, கண்ணைத் திறக்காமல்.

கனகராஜ் பெடலை இன்னும் அழுத்தி மிதித்தார்.

"நாலு."

"நாலா?"

"நாலுதான் அம்மிணி. நாலுக்கு வந்து ரொம்ப நாளாச்சு."

வசந்தாமணி கண்ணைத் திறந்தார். "நிசமாவே நாலுங்களா? நான் மூணுன்னல்ல நெனச்சுப் பயந்துட்டிருந்தேன்!"

கனகராஜ் வாயைப் பிளந்துவிட்டார்.

"என்னங்க முழிக்கறீங்க? அந்தப் பெட்டியைத் தெனமும் தொடைக்கிறது யாரு? என் கால் வெடிப்புக்கு வாங்குன பிளாஸ்திரி அதுல எப்படிப் போயி ஒட்டுச்சுன்னு ஒரு நாள் பிச்சுப் பார்த்தேன். என்னமோ நம்பரு. நம்பரு புரியலை, அப்புறம் பிச்சுப் பார்க்கறப்பெல்லாம் அது கொறைஞ்சுட்டே வந்தது புரிஞ்சுது. திரும்ப ஒட்டி வச்சுட்டேன்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"நீங்க அவ்வளவு பாடுபட்டு மறைக்கறீங்க. எனக்குத் தெரியும்னு எப்படிங்க சொல்றது? மனசு சங்கடப்படுமில்ல?"

"அப்ப ஊரெல்லாம் ஆறு கட்டை, ஆறு கட்டைன்னு?"

"நீங்க கேக்கோணும்னுதான். அதைச் சொன்னாத்தான் உங்க மொகம் தெளியும். இன்னிக்கும் அதுக்குத்தான் எண்ணுனேன், நீங்க தடுத்துருவீங்கன்னு தெரியும்."

அவர்கள் பேசப் பேச, திறந்திருந்த பியானோவுக்குள் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு முனகல் எழுந்தது. இரண்டு பேருக்கும் அது காதில் விழவில்லை.

"எறங்கிட்டா மைக்கைக் கீழ வச்சிருவேன்னியே அம்மிணி."

"வச்சிருப்பேன்." வசந்தாமணியின் குரல் உடைந்தது. "ஒவ்வொரு கச்சேரியிலும் நான் அந்தப் பக்கம் திரும்பறப்ப உங்க கை திருட்டுத்தனமா அந்தப் பட்டனுக்குப் போகும். நான் பாடோணும்னு இந்த மனுஷன் இத்தனை களவாணித்தனம் பண்றாரே, எப்படிங்க வைக்கறது?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நாலுன்னா நல்லாவே பாடலாமுங்க. மஞ்சப் பட்டு எடுத்தாச்சு."

கனகராஜுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. மனைவியைப் பார்க்க முடியாமல் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டீச்சருங்க, இத்தனை வருஷமா ஒருத்தர் பேசினது ஒருத்தருக்குக் கேக்கவே இல்லீங்களே?"

கேட்டபடியே எழுந்திருக்கப் போனார்.

"சார், காலை எடுக்காதீங்க," என்றார் ரூத் டீச்சர். "இன்னும் கேக்குது."